கடைசித் தாள் வரை வாசித்துவிடு, மகள்

மானிப்பாய்,
கந்தசஷ்டி முதலாம் நாள்.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீயும் மருமகனும் பேரனும் நலமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகின்றேன். போன ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, "எழுபதாயிரத்துக்கு மேல் குறியீடு இருக்குதாம் அம்மா, இதையெல்லாம் எப்பிடிப் பாடமாக்கிறது?" என்று நீ கேட்ட குரல் இன்னும் என் காதில் நிற்கின்றது. நியூ ஜேர்சியில் இரவு பத்து மணிக்குப் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு இலக்கமிடும் மெடிக்கல் கோடிங் படிக்கின்றாய் என்பதை நினைத்துப் பெருமைப்படுகின்றேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயமன்று என்பதால் எழுதுகின்றேன். நீ அனுப்பிய அமெரிக்கக் குறியீட்டு விதிமுறைகளை அச்செடுத்து, பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து முழுவதும் வாசித்துவிட்டேன்.

முதலாவது, பாடமாக்காதே. உன்னுடைய பரீட்சையில் 100 கேள்விகள், 4 மணித்தியாலம், சித்திக்கு 70 வீதம். குறியீட்டு நூல்களை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதப்போகின்றாய். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை என்பதால், நூலின் எந்தப் பகுதியில் எது இருக்கின்றது என்று உன் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அகரவரிசைச் சுட்டியில் சொல்லைத் தேடு. அங்கே கிடைத்த இலக்கத்தை அப்படியே எழுதிவிடாமல், இலக்க வரிசைப் பட்டியலுக்குப் போய் அதன் கீழுள்ள குறிப்புகளை வாசி. "இதை முதலில் எழுது", "இதையும் சேர்த்து எழுது", "இதனுடன் இதைச் சேர்க்காதே" என்று சொல்லும் அந்தச் சிறிய எழுத்துகளைத் தாண்டிச் செல்பவர்கள்தான் பிழை விடுகின்றார்கள். ஒவ்வொரு வருடமும் ஒக்ரோபர் 1ஆம் திகதி நோய்க் குறியீடுகளும், ஜனவரி 1ஆம் திகதி சி.பி.ரி. எனப்படும் சிகிச்சைக் குறியீடுகளும் புதுப்பிக்கப்படுவதால், பாடமாக்கியவன் பழைய இலக்கத்தையே எழுதுவான்.

நான் அரச வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் வேலைசெய்த காலத்தில் வீட்டிற்குப்போன நோயாளரின் ரிக்கற்றுகள், அதாவது சிகிச்சைக் குறிப்புத் தாள்கள், கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றிலும் வைத்தியர் எழுதிய நோயைப் பார்த்து, நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. நூலின்படி இலக்கமிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு விபரத்திரட்டு அனுப்புவோம். எங்கள் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். என் இலக்கத்தால் எவரும் ஒரு சதமும் கூடுதலாகவோ குறைவாகவோ கட்டியதில்லை. அது நாட்டில் எத்தனை பேருக்கு நெருப்புக் காய்ச்சல், எத்தனை பேருக்குப் பாம்புக்கடி என்று எண்ணுவதற்கான இலக்கம். அமெரிக்காவிலோ அதே இலக்கத்தைப் பார்த்துத்தான் காப்புறுதி நிறுவனம் பணம் தருகின்றது, அல்லது மறுக்கின்றது. நான் செய்த வேலையும் நீ செய்யப்போகும் வேலையும் ஒரே வேரில் முளைத்தவை. உன்னுடைய பிழை ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலுக்குக் கடனாகப் போகும் என்பதே வித்தியாசம்.

உனக்குச் சொற்கள் பயமாக இருக்கின்றன என்றாய். இது எனக்கு விருப்பமான இடம், ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகின்றேன். எங்கள் சனங்கள் வருத்தங்களுக்கு வைத்த பெயர்களைப் பார்: சலரோகம், செங்கமாரி, கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்புளிப்பான், குக்கல், ஏற்புவலி, பாரிசவாதம், முட்டு. கண்ணால் கண்டதையோ காதால் கேட்டதையோ வைத்துப் பெயரிட்டார்கள். ஆங்கில மருத்துவச் சொல்லோ உறுப்பையும் கோளாறையும் ஒட்டி வைத்தது. "ஐற்றிஸ்" என்று முடிந்தால் அழற்சி, "எக்ரமி" என்று முடிந்தால் வெட்டி அகற்றல், "ஒஸ்கொப்பி" என்று முடிந்தால் உள்ளே பார்த்தல். அப்பெண்டிசைற்றிஸ் என்பது குடல்வளரி அழற்சி, அப்பெண்டெக்ரமி என்பது குடல்வளரியை வெட்டி அகற்றல். முன்னது நோய் நூலிலும் பின்னது சிகிச்சை நூலிலும் இருக்கும் என்பதைச் சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை உனக்கு நினைவிருக்கும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் இந்த மண்ணின் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். அதற்காக மருத்துவச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். நீயும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாகப் பிரித்து, அருகில் தமிழில் எழுதிக்கொள். உயர்தரத்தில் உயிரியல் படித்த உனக்கு உறுப்புகள் புதியவை அல்ல.

சலரோகமும் பிரஷரும் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. அங்கேயும் நீ அடிக்கடி காணப்போவது அவற்றைத்தான். வைத்தியர் ஒரே வரியில் இரண்டாம் வகைச் சலரோகம், உயர் குருதியழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் என்று மூன்றை எழுதியிருக்கின்றார் என்று வைத்துக்கொள். சிக்கலற்ற சலரோகத்துக்கு ஈ 11.9, உயர் குருதியழுத்தத்துக்கு ஐ 10, சிறுநீரகத்துக்கு என் 18.9 என்று மூன்றையும் தனித்தனியே எழுதத்தான் முதலில் கை போகும். அது பிழை. அமெரிக்க விதியில் "உடன்" என்ற சொல்லுக்குத் தனியான அதிகாரம் உண்டு. சுட்டியில் சலரோகத்தின் கீழ் "உடன்" என்று சிறுநீரக நோய் தரப்பட்டிருந்தால், இரண்டும் தொடர்பற்றவை என்று வைத்தியர் தெளிவாக எழுதாதவரை தொடர்புள்ளவை என்றே கொள்ள வேண்டும். உயர் குருதியழுத்தத்துக்கும் அப்படியே. எனவே சலரோகத்தோடு கூடிய சிறுநீரக நோய்க்கு ஈ 11.22, உயர் குருதியழுத்தத்தோடு கூடிய சிறுநீரக நோய்க்கு ஐ 12.9, அவற்றோடு சிறுநீரக நோயின் படிநிலையைக் காட்டும் என் 18இன் இலக்கம். நீ பள்ளிக்கூடத்தில் படித்த மூன்றாம் வேற்றுமை உடனிகழ்ச்சியை நினைத்துக்கொள். நோயாளி நீண்டகாலமாக இன்சுலின் போடுபவரானால் இசட் 79.4ஐயும் மறவாதே.

அமெரிக்க நூலில் வலம், இடம் என்ற பிரிவைக் கண்டதும் நான் சற்று நேரம் நூலை மூடிவைத்தேன். மிதிவெடியில் கால் இழந்தவர்கள் பின்னொரு வருத்தத்துக்காக வந்து தங்கும்போதெல்லாம் இசட் 89.5 என்று எழுதுவேன். எந்தக் கால் என்று சொல்ல எங்கள் நூலில் இடமிருக்கவில்லை. உன்னுடைய நூலில் முழங்காலுக்குக் கீழே வலது கால் என்றால் 89.511, இடது என்றால் 89.512. ஒரு மனிதனுக்கு எந்தக் கால் இல்லை என்பதைச் சரியாக எழுதக்கூடிய நூல் உன் கையில் இருக்கின்றது, மகள். அந்த ஆறாவது இலக்கத்தை அசட்டையாக எழுதிவிடாதே.

சிகிச்சைக் குறியீட்டைப்பற்றி அதிகம் எழுதமாட்டேன். அதில் உன் ஆசிரியர் என்னைவிடத் தெரிந்தவர். ஒன்று மட்டும். என்ன செய்தார்கள் என்பதும் எதற்காகச் செய்தார்கள் என்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வயிற்றில் சிறு துளைகளிட்டுக் குடல்வளரியை அகற்றினால் 44970. வயிற்றைத் திறந்து அகற்றினால் 44950. திடீர் அழற்சிக்காக அகற்றியதென்றால், இரண்டுக்கும் பக்கத்தில் கே 35 வரிசையில் ஓர் இலக்கம் நிற்க வேண்டும். சலரோகக்காரர் ஒருவர் வலது முழங்கால் நோவென்று வந்து எக்ஸ்றே எடுத்தால், அந்த எக்ஸ்றேக்குரிய 73560க்குப் பக்கத்தில் சலரோகத்தை மட்டும் எழுதி அனுப்பினால் நிறுவனம் திருப்பிவிடும். நோவுக்குரிய எம் 25.561 அங்கே இருந்தாக வேண்டும்.

இனி, நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கின்றேன். இன்று சஷ்டி தொடங்கியதால் காலையிலிருந்தே அது மனதில் நிற்கின்றது. பல வருடங்களுக்கு முன்பு, சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள், 22 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கோயில் வீதியில் வெயிலில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். விழுந்த கணத்தில் கைகால் இழுத்தது என்று கூட வந்தவர்கள் சொன்னதால், ரிக்கற்றின் முன் தாளில் "வலிப்பு நோய்" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் வைத்திய நிபுணர் வந்து பார்த்து, வெறும் வயிற்றோடு நெடுநேரம் நின்றதால் வந்த மயக்கம் இது, சில விநாடிகள் கைகால் இழுத்ததும் மயக்கத்தாலேயே, வலிப்பு நோய் அன்று, மருந்து தேவையில்லை என்று உள்தாளில் தெளிவாக எழுதியிருக்கின்றார். முன் தாளைத் திருத்த ஒருவரும் நினைக்கவில்லை. விபரத்திரட்டு அனுப்பக் கடைசி நாள் நெருங்கியதால், நான் முன் தாளை மட்டும் பார்த்து ஜி 40.9 என்று எழுதினேன். அது வலிப்பு நோய். எழுதியிருக்க வேண்டியது ஆர் 55, மயக்கம்.

இரண்டு வருடம் கழித்து அவள் ஒரு வேலைக்காக மருத்துவ அறிக்கை கேட்டு வந்தாள். பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்த கடிதத்தில் வலிப்பு நோய் என்றே போய்விட்டது. அவளுடைய தாய் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "என்ரை பிள்ளைக்கு இப்பிடியொரு வருத்தம் இல்லை" என்று சொன்னபோது, ரிக்கற்றை எடுத்துக் கடைசித் தாள் வரை அன்றுதான் நான் வாசித்தேன். வைத்தியர் உடனே வேறு கடிதம் தந்தார். வேலை அதற்குள் இன்னொருவருக்குப் போய்விட்டது. நான் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அலுவலகத்தில் எவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. பதிவேட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே உன் விதிமுறைகளில் கேள்விக்குறியைப்பற்றிய பகுதியை நான் இரண்டு முறை வாசித்தேன். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றவருக்கு, வீட்டிற்குப் போகும் நேரத்திலும் "இருக்கலாம்", "சந்தேகம்" என்றே எழுதப்பட்டிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே கொண்டு வைத்தியசாலையின் குறியீட்டை எழுதலாம். வெளிநோயாளருக்கு அப்படி எழுதவே கூடாது, நெஞ்சு நோவென்று வந்தவருக்கு "மாரடைப்பா?" என்று எழுதியிருந்தாலும், நெஞ்சு நோவின் ஆர் 07.9தான் உன் இலக்கம். தங்கியவர் விடயத்திலும் முழு ரிக்கற்றையும் வாசித்த பிறகே அந்த விதி பொருந்தும். நான் தவறியது அங்கேதான்.

வேலைக்குப் போன பின்பு, நோயாளியை ஐந்து நிமிடம் பார்த்த வருகைக்கு 99213க்குப் பதிலாக 99214 போடு, கூடுதல் பணம் வரும் என்று யாராவது உனக்குச் சொல்லக்கூடும். அந்த நாட்டில் அரசாங்கத்திடம் பொய்க் கோரிக்கை வைப்பதற்கு எதிரான சட்டம் 1863இலிருந்து இருக்கின்றது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யாதே. ரிக்கற்றில் இல்லாத நோயை எழுதுவது அந்த மனிதனைப்பற்றி அவனுக்குத் தெரியாமல் பொய் சொல்வது. எழுத்து விளங்காவிட்டால் வைத்தியரிடம் எழுத்தில் கேள். கேட்கும்போது பதிலை நீயே எடுத்துக்கொடுக்காமல் கேள். இருபத்தாறு வருடத்தில் வைத்தியரிடம் கேட்டதற்காக நான் வருந்திய நாள் ஒன்றில்லை.

நீ அனுப்பிய பயிற்சித் தாளைச் செய்து பார்த்தேன். ஏழாவது கேள்வியைத் தவிர மற்றவற்றில் உன்னுடைய விடையும் என்னுடைய விடையும் ஒன்றே. மரத்திலிருந்து விழுந்து முன்கை முறிந்தவர், ஆறு கிழமை கழித்து முறிவு வழமைபோல் பொருந்தி வருகின்றதா என்று காட்ட வருகின்றார். மரத்திலிருந்து விழுதல் டபிள்யூ 14. எங்கள் நூலிலும் அதே இலக்கம், பனையால் விழுந்த சீவல் தொழிலாளர்களுக்கு எத்தனையோ முறை எழுதியிருக்கின்றேன். குறியீட்டின் ஏழாவது இடத்தில் வரும் எழுத்தை எட்டுவதற்கு, வெற்றிடத்தை நிரப்ப நடுவில் மூன்று எக்ஸ் போட்டிருக்கின்றாய், அது சரி. கடைசியில் நீ ஏ போட்டிருக்கின்றாய். ஏ என்பது சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது. இவர் ஆறிவரும் நிலையில் வந்தவர், ஆகவே முறிவுக்கும் விழுந்ததற்கும் டி வர வேண்டும் என்று நினைக்கின்றேன். நூலைத் திறந்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்.

அன்புடன்,
அம்மா