மருந்து அடித்து மயங்கியவர் கணக்கு யாரிடம் இருக்கிறது?

வேளாண்மை – உழவர் நலத்துறைக்கு, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கத்தரி விவசாயியின் வணக்கம்.

2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் என்று ஆறு பூச்சி மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டீர்கள், நல்ல காரியம். நாள் முடிந்ததும் தடையும் முடிந்தது. உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-வது பிரிவு மாநிலத்துக்குக் கொடுப்பது 60 நாள், விசாரணை முடியவில்லை என்றால் இன்னொரு 30 நாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் டெல்லி. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று 2005-லேயே சொல்லிவிட்டு, அதே மருந்தின் 36 சதவீதக் கரைசலுக்கு மொத்தத் தடை உத்தரவு போட டெல்லிக்கு 2023 ஆகிவிட்டது. அந்தப் பதினெட்டு வருஷமும் பருத்திக்கு என்று விற்ற டப்பா கத்தரிக்குப் போகிறதா என்று யார் பார்த்தார்கள்?

சரி, அதை விடுங்கள். 27-க்கு முந்தின பிரிவு உங்கள் கையில்தானே இருக்கிறது? பூச்சி மருந்தைக் கையாண்டு விஷம் ஏறிய ஒவ்வொரு சம்பவத்தையும் இன்னின்னார் இந்த அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசே அறிவிக்கை போடலாம் என்கிறது 26. அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால், எங்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை எல்லாம் இருக்கட்டும், காய்த்துளைப்பான் புழு உள்ளே புகுந்துவிட்டால் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது, அதனால் பயத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். அடிப்பவர் கூலி ஆள். லுங்கியை மடித்துக் கட்டி, வாயில் துண்டு, முதுகில் டேங்க், செடியின் முள் காலைக் கீறிக்கொண்டே வரும், அந்தக் கீறலிலேயே மருந்துத் தண்ணீரும் வழியும். டப்பாவோடு வருகிற தாளில் கையுறை போடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே என்றெல்லாம் தமிழிலும் இருக்கிறது, எறும்பு படிக்கிற எழுத்தில். சாயங்காலம் வியர்த்துக் கொட்டி, கண் மங்கி, வாந்தி எடுத்தால் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். எந்த மருந்து என்று கேட்பாரும் இல்லை, டப்பாவை யாரும் கொண்டுபோவதும் இல்லை. மறுநாள் வேறொரு கொல்லையில் அதே ஆள் அதே டேங்கோடு நிற்பார். பூச்சி மருந்தைக் குடித்துச் செத்தால் போலீஸ் வரும், ஒரு கேஸாவது இருக்கும். அடித்து மயங்கினால் எங்கேயும் ஒரு வரிகூடப் பதிவாகாது.

பதிவே இல்லாமல் எந்த மருந்து ஆபத்து என்று டெல்லியிடம் எதைக் காட்டி வாதாடுவீர்கள்?

ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் கிளினிக், 108 வண்டி மூன்றையும் சேர்த்து 26-வது பிரிவில் ஒரு அறிவிக்கை போடுங்கள். மருந்தின் பெயர், பயிர், தேதி, வாங்கின கடை, இவ்வளவு எழுத அரைப் பக்கம் போதும், அது வட்டார வேளாண் அலுவலகத்துக்கு வரட்டும். கூலி ஆளின் பெயரை வெளியே விடாதீர்கள், அப்புறம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் நடக்கிற அடுத்த விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்தில் இதை மனுவாகவும் கொடுக்கப் போகிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை மட்டும் அனுப்பாதீர்கள், அது வீட்டில் நிறைய இருக்கிறது.