மோட்லராய்ட் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

இந்த மடலை நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலரில், ஜெர்மனி இரண்டு நாடுகளாக இருந்த காலத்தில் நடுவே மதில் எழுந்த உங்கள் ஊரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள், "இவ்வளவும் எப்படித் தெரிந்தது?" என்று கேட்கிறார்கள். அந்தப் பாராட்டை நானே வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

முதல் நன்றி, தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பாட்டிக்கு. மதில் எங்கே என்று கேட்ட என்னை, "முதலில் ஓடையைப் பார்" என்று திருப்பி அனுப்பினார். டன்பாக் ஓடை. வேட்டியை மடித்துக் கட்டினால் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். சாலே ஆற்றில் போய்ச் சேரும் இந்தச் சிறு நீர்தான் ஐம்பது பேர் அளவிலான ஒரு கிராமத்தை இரண்டு நாடுகளாக்கியது. ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் 'ராய்ட்' என்பதற்குக் காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள் சொன்னவரும் அவர்தான். நம் பக்கத்துக் காடுவெட்டி நினைவுக்கு வந்தது.

அருங்காட்சியக ஊழியருக்கு அடுத்த நன்றி. குனியச் சொல்லி, பாசி படிந்த ஓர் எல்லைக் கல்லை என் விரலால் தடவ வைத்தார். 1810இல் நட்ட கல்வரிசை அது. ஒரு முகத்தில் பவேரிய அரசைக் குறிக்கும் எழுத்துகள், மறுமுகத்தில் ராய்ஸ் சிற்றரசின் எழுத்துகள். அந்தக் கல்லை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. பவேரியப் பக்கத்துப் பிள்ளைகள், ராய்ஸ் பக்கமாக இருந்து பின்னர் தூரிங்கியா மாநிலத்தில் சேர்ந்த மறுபக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள், பெரியவர்கள் அதே பக்கத்து விடுதியில் பீர் குடித்தார்கள், தேவாலயத்துக்கு எல்லாரும் பவேரியாவில் உள்ள டோப்பனுக்கு நடந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அந்தப் பழைய கோடு அமெரிக்கருக்கும் சோவியத்துக்கும் நடுவிலான கோடாயிற்று; பவேரியப் பக்கம் மேற்கு ஜெர்மனி, தூரிங்கியப் பக்கம் கிழக்கு ஜெர்மனி என்றானது.

என் பிழையைத் திருத்தியவரை மறக்க முடியாது. மதில் எழுந்த 1966இல்தான் ஊர் பிரிந்தது என்று எழுதி வைத்திருந்தேன். "பதினான்கு வருடத்தை விழுங்கிவிட்டாய்" என்றார். 1952இலேயே மரவேலி வந்துவிட்டது. எல்லையோரக் குடும்பங்கள் சிலவற்றை வீட்டைவிட்டே கிளப்பினார்கள். 700 மீட்டர் கான்கிரீட் மதில் பிறகு வந்தது. அதைப் பார்த்த அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குச் 'சின்ன பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள்.

பாட்டியிடம் மறுபடி போனபோது வேலிக் காலத்துக் கதை ஒன்று கிடைத்தது. மேற்கிலிருந்து கையசைக்கலாம்; கிழக்கில் இருப்பவர் பதிலுக்கு அசைக்கக் கூடாது. "நான் கையசைப்பேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு போவாள். அவளுக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்." சொல்லிவிட்டு மீண்டும் கிழங்கு தோண்டப் போய்விட்டார். மதிலில் வழி திறந்தது 1989 டிசம்பர் 9ஆம் தேதி. அத்தை அதுவரை இருந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னை, வைக்கோல் தூசி மணக்கும் தன் வண்டியில் ஹோஃப் ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்ட விவசாயிக்கும் நன்றி. பெட்ரோலுக்குப் பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார். வழியெல்லாம், இன்றும் ஊருக்கு இரண்டு மேயர்கள், இரண்டு தொலைபேசிக் குறியீடுகள் என்று சிரித்துக்கொண்டே வந்தார். பவேரியப் பக்கத்தில் கடவுளைச் சொல்லி வணக்கம் வைப்பார்களாம். மறுபக்கத்தில் வெறும் 'நல்ல நாள்'. அவருடைய வட்டார ஜெர்மன் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மீதியை, ஒலிப்பதிவைப் பத்து முறை கேட்டு எழுதிக் கொடுத்த சக ஊழியருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆண்டு மலரின் இரண்டு பிரதிகளை நேற்று அஞ்சலில் சேர்த்தேன். ஒன்று பாட்டிக்கு, ஒன்று ஓடைக்கு அக்கரையில் இருக்கும் விவசாயிக்கு. ஊர் ஒன்றுதான், அஞ்சல் குறியீடு மட்டும் வேறு வேறு. அஞ்சலக ஊழியர் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன் என்று திருத்தப் பேனா கொடுத்தார்.