மூத்தோர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எண்பது வயது கடந்தோரின் பிறந்தநாள் பணியைப் பற்றி மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வயதுப் பதிவேடு. வாய்மொழி வயதை எழுதினால் 80, 85, 90 என்று 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகள் குவிந்துவிடும். பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றிச் சொன்ன தேதி, வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைத்திருந்தால் மூத்தவரின் பிறப்புப் பதிவு இளையவருக்குப் போய்ச் சேரும். 1986இல் காலமான ஜப்பானின் ஷிகெச்சியோ இசுமிக்கு 120 வயது என்று ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அது அண்ணனின் பதிவாக இருக்கலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. சரிபார்க்கப்பட்ட மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ழான் கால்மானுடையது: 1875 பிப்ரவரி 21 முதல் 1997 ஆகஸ்ட் 4 வரை, 122 ஆண்டுகள் 164 நாட்கள். ஆகவே பிறப்பை ஒட்டி எழுதிய ஆவணம் ஒன்று, நடுவயதுச் சான்று ஒன்று, இப்போதைய அடையாள அட்டை ஒன்று என மூன்றையும் ஒப்பிட்டே பதிகிறோம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பென்சிலில் குறிப்போம். பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு அந்தத் தேதியையே எழுத வேண்டும். கொண்டாடும் நாளை அவரே சொல்லட்டும்.

விழா முற்பகலில், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நினைவாற்றல் குறைந்தவர்களுக்கு மாலையில் குழப்பம் கூடுகிறது. வாழ்த்துரை நீண்டு உணவு தள்ளிப்போனால், இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் சாப்பாட்டு நேரத்தை அழைப்பிலேயே அச்சிடுகிறோம், பேச்சைத்தான் குறைக்கிறோம். விழாவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று நீர் பிரியும் மாத்திரையைச் சிலர் அன்று காலை விட்டுவிடுவார்கள். இது கூடாது. கழிப்பறைக்கு அருகில் இருக்கை ஒதுக்கினாலே அந்தத் தயக்கம் போய்விடும்.

இருக்கை 43 முதல் 45 செ.மீ. உயரத்தில், கைப்பிடியோடு இருக்கட்டும். ஆழமான சோபாவில் அமர்த்தினால் எழவே முடியாது. சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் திரும்புவதால் முதியவர்களுக்கு ரத்த அழுத்தம் தாழும். அந்த நேரத்தில் புகைப்படத்துக்காக நிற்கவைத்தால் தலைசுற்றி விழுவார்கள். படம் எடுப்பது சாப்பாட்டுக்கு முன், உட்கார்ந்தபடியேதான். கேக் உதிராமல் ஈரமாக இருக்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு துண்டாக, வாயில் உள்ளதை விழுங்கிய பிறகே அடுத்த துண்டு. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருக்கும் அறையில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது. செவிக்கருவி அணிந்தவருக்கு இசையும் கைதட்டலும் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும் என்பதால் ஒலிபெருக்கியைத் தணித்து, முகம் பார்த்து வாழ்த்துங்கள்.

பிறந்தநாள் வாரத்தில் ஒரு நலன் அட்டையையும் நிரப்புகிறோம். வயது வந்தோரில் இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. எழுபதில் எழுதிய அட்டை எண்பதில் உதவாது. படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கிறோம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறோம். மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறோம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாவிட்டால் பின்னால் நகர்ந்துவிடும். கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா என்று தவறாமல் கேட்கிறோம். 'வழுக்கியதுதான், விழவில்லை' என்ற பதிலையும் விழுந்ததாகவே எழுதச் சொல்லியிருக்கிறோம். முயற்சி இல்லாமல் ஓராண்டுக்குள் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால், 'இந்த வயதில் மெலிவது இயல்புதானே' என்று விட்டுவிடக் கூடாது.

பிறந்தநாளை மறந்துபோனவர்களும் வீட்டைவிட்டு நகர முடியாதவர்களும் இருக்கிறார்கள். இருவர் சேர்ந்து அவர்கள் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அட்டையையும் அங்கேயே நிரப்ப வேண்டும். வரும் ஆண்டில் இதைக் கட்டாய விதியாக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்