உன் பேரனை இங்கே அனுப்பு

திருநெல்வேலி,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தேரோட்டத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. ரத வீதியில் மிதிபட்ட செருப்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். வடம் தொட்ட கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது. அந்தக் கையோடுதான் பிரித்துப் படித்தேன். படித்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. பேரன் இரண்டாவது தடவையும் நீட்டில் விட்டுவிட்டான், நாலு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை, மதினி கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அந்தத் தட்டு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாய். இந்தப் படிப்பெல்லாம் மாயை, நம் பெரியவர்கள் கல்வி என்று சொன்னது ஆத்ம ஞானத்தை மட்டும்தான், நாம்தான் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோம் என்று. வேதனையில் எழுதியது தெரிகிறது. ஆனாலும் 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் அதைச் சும்மா விட முடியாதுடே.

வேதத்தின் கடைசிப் பகுதி என்று சொல்கிற உபநிஷத்துகளில் ஒன்று முண்டகம். அதில் சௌனகர் அங்கிரஸ் முனிவரிடம் போய், எதை அறிந்தால் இது எல்லாமே அறிந்ததாகும் என்று கேட்கிறார். அறிய வேண்டிய வித்தைகள் இரண்டு, மேல் வித்தையான பரை ஒன்று, அபரை ஒன்று என்று தொடங்குகிறது பதில். இரண்டையும் அறிய வேண்டும் என்பதைக் கவனி. கீழ் வித்தையான அபரையின் பட்டியலில் முதலில் வருவது எது தெரியுமா? ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்று நான்கு வேதங்கள். அப்புறம் இலக்கணம், யாப்பு, ஜோதிடம் எல்லாம். வேதத்தையே கீழ்த்தட்டில் வைக்கிற துணிச்சல் அந்த வேதத்துக்கே இருந்திருக்கிறது. அதனால் உயிரியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுலோகப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் காரியம் ஆகிவிடும் என்று நினைக்காதே. அதையும் மனப்பாடப் பாடமாக்கி, அதிலும் மார்க் போட நமக்குத் தெரியும்.

உன் பேரனை நினைக்கும்போது எனக்கு நாரதர்தான் நினைவுக்கு வருகிறார். சாந்தோக்கிய உபநிஷத்தில் அவர் சனத்குமாரரிடம் பாடம் கேட்கப் போகிறார். முதலில் உனக்குத் தெரிந்ததைச் சொல், அதற்கு மேல் நான் சொல்கிறேன் என்கிறார் குரு. நாரதர் அடுக்குகிறார்: நான்கு வேதம், இதிகாச புராணம், இலக்கணம், கணக்கு, தர்க்கம், வான சாஸ்திரம், பாம்பு வித்தை வரைக்கும். அடுக்கி முடித்துவிட்டு, இத்தனையும் தெரிந்தும் நான் துக்கப்படுகிறேன், என்னைத் துக்கத்தின் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்கிறார். எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சனத்குமாரர், கற்றதையெல்லாம் மறந்துவிட்டு வா என்று சொல்லவில்லை. நீ கற்றது எல்லாம் வெறும் பெயர், சரி, அந்தப் பெயரிலிருந்தே தொடங்கு என்று சொல்லி, அங்கிருந்து வாக்கு, மனம் என்று ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகிறார். கடைசிப் படியில் சொல்வது, அளவுபட்டதில் சுகம் இல்லை, அளவற்றதே சுகம் என்பது. இத்தனை மார்க், இத்தனாவது ரேங்க் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையை நாம் அளந்து வைத்திருக்கிறோமே, அவனுக்கு முதலில் எட்ட வேண்டிய சொல் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதே உபநிஷத்தில் சுவேதகேது. பன்னிரண்டு வயதில் குருகுலம் போய், பன்னிரண்டு வருஷம் படித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்புகிறான். எதைக் கேட்டால் கேளாததும் கேட்டதாகுமோ அதை உன் வாத்தியார்களிடம் கேட்டாயா என்கிறார் அப்பா உத்தாலகர். பையன் சொல்கிறான்: என் ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

குருமார்களைப் பழித்துச் சொன்னதாக அது படவில்லை. அவர்கள் தனக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லை என்ற நம்பிக்கைதான் அதில் இருக்கிறது. இருந்தும் அந்த வரி என்னைச் சுடும். கணிதத்தைப் பன்னிரண்டு ஆண்டு படித்தும் வானத்தில் ஒரு விண்மீனின் நிலை தெரியாதவர்கள் என்று பாரதி எழுதினாரே, நம்ம ஊர் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்துவிட்டுப் போனவர், அதுவும் அப்படித்தான் சுடும். எங்கெங்கோ இருக்கிற என் பழைய மாணவர்களில் எத்தனை பேர், சாருக்கு அது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருப்பார்களோ!

இதுவரை உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சித்திரையில் வீட்டு மோட்டார் எரிந்துபோய், காயில் கட்ட, அதாவது உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற, டவுனில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒருவர் தலை குனிந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "செத்த இருங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார். நின்றேன். உதடு மட்டும் அசைகிறது. எண்ணி முடித்து, பலகையில் சாக்குக்கட்டியால் எண்ணிக்கையைக் குறித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பார்த்த உடனே எழுந்துவிட்டார். "சார்!"

எனக்கும் ஆள் தெரிந்துவிட்டது. அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அறுபது பேருக்கு முன்னால் கரும்பலகையில் நிற்க வைத்து, நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஏசினேன். பின்னக் கணக்கில் ஒரு தப்பு, அவ்வளவுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே, கடையில் வேலை பழகுகிற சின்னப் பையன் கம்பியை இழுத்து அறுத்துவிட்டான். முக்கால்வாசி சுற்று முடிந்த காயில். பையன் நடுங்குகிறான். இவன் அவன் தோளில் கை வைத்து, "எனக்கும் முதல்ல இப்படித்தான் அறுந்துச்சு. இழுக்காத, கம்பியைத் தானா வரவிடு" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் குத்தல் இல்லாமல், "நீங்க அன்னைக்கு ஏசுனத நான் மறக்கல சார். அதனாலதான் இவனை ஏசுறதில்ல" என்றான்.

மன்னித்துவிடுப்பா என்றேன். அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்று ராத்திரி தைத்திரீய உபநிஷத்தை எடுத்தேன். படிப்பு முடிந்து புறப்படுகிற மாணவனுக்குக் குரு சொல்கிற பகுதி. உண்மையைப் பேசு, அறத்தில் நட, கற்பதை நிறுத்தாதே, தாயும் தந்தையும் ஆசிரியரும் விருந்தினரும் தெய்வம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் விழாவில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரிகள். அதற்கு அடுத்து வருவதை யாரும் சொல்வதில்லை: எங்களிடம் எவை நல்ல நடத்தையோ அவற்றை மட்டும் நீ கைக்கொள், மற்றவை வேண்டாம். தன்னிடமும் மற்றவை உண்டு என்று, விடைபெறும் பிள்ளையிடம் ஒரு குரு சொல்கிறார்! 34 வருஷத்தில் ஒரு வகுப்பிலும் நான் இதைச் சொன்னதில்லை. நான் சொல்லாமலேயே ஒருத்தன் அதைக் கற்றிருக்கிறான், காயில் கட்டுகிற கடையில். உத்தாலகர் கேட்ட அந்தக் கல்வியின் வாசலில் அவன் எப்போதோ கால் வைத்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒன்று செய். பேரனை இங்கே ரயில் ஏற்றிவிடு. பதினைந்து நாள் இருக்கட்டும். சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது, குற்றாலத்தில் குளிக்கட்டும். நீட் பற்றி இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்க மாட்டோம். மறுபடி எழுதுவதா, வேறு படிப்பா என்பதை அவனே பிறகு சொல்லட்டும். டாக்டர் ஆக ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதை மாயை என்று அவன் காதுபடச் சொல்லிவிடாதே.

ஒரு நாள் திருச்செந்தூர் வண்டியில் அவனை ஆழ்வார்திருநகரிக்குக் கூட்டிப்போவேன். போகிற வழியில் ஸ்ரீவைகுண்டம் வரும், ஐந்து வயது வரை பேசாமல் இருந்த குமரகுருபரர் பிறந்த ஊர். ஆழ்வார்திருநகரியில், நாமும் சின்ன வயதில் பார்த்த அந்த உறங்காப்புளி மரத்தின் அடியில் கொஞ்ச நேரம் உட்காருவோம். பதினாறு வருஷம் வாய் திறக்காமல் நம்மாழ்வார் இருந்த இடம் என்பார்கள். திருக்கோளூர் மதுரகவி வயதிலும் படிப்பிலும் பெரியவர், வடநாடெல்லாம் சுற்றியவர். அவர் இந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நின்று, செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும் என்று கேட்டாராம். அத்தைத் தின்று அங்கே கிடக்கும் என்று பதில் வந்ததாம். அதன் பிறகு மதுரகவி பெருமாளைக்கூடப் பாடவில்லை, அந்தக் குருவைத்தான் பாடினார். இதை அவனுக்கு விளக்கப் போவதில்லை. கேள்வியை மட்டும் சொல்வேன். பதில் அவனுக்குப் பிடித்தால் பிடிக்கட்டும்.

காயில் கடைக்கும் கூட்டிப்போக ஆசை. அந்தச் சின்னப் பையனும் இவனும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

மதினியிடம் அந்தத் தட்டைக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டாம் என்று சொல். நீயே கொண்டுபோய், உள்ளே அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. ஒன்றும் பேச வேண்டாம். டிக்கெட் கிடைத்ததும் போன் பண்ணு, நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

உன்,
பழைய பெஞ்சுக் கூட்டாளி