எக்சர்சைஸ் சைக்கிளின் இருக்கைக் கம்பியில் விரிசல்: பற்றவைத்து ஓட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உடற்பயிற்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, எந்தக் கருவியை வாங்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. வாங்கிய கருவியில் குறை இருப்பது தெரிந்துவிட்டால் என்ன செய்வது? கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் வெல்டிங் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து எக்சர்சைஸ் சைக்கிள்களில் பல, வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் சர்க்கரை நோயுள்ள பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தவை. உள்ளே இடமில்லாமல் சிட்டவுட்டிலோ (வீட்டு முன்திண்ணை) மாடியிலோ கிடக்கும். உப்புக்காற்று ஒருபுறம், ஆனி ஆடி மழை, ஐப்பசி கார்த்திகை மழை மறுபுறம். இருக்கையை ஏற்றி இறக்கக் கம்பியில் வரிசையாகத் துளை இருக்கும் அல்லவா, ஈரம் அதன் வழியே குழாய்க்குள் இறங்குகிறது. வெளியே குரோம் பூச்சு பளபளக்கும். உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். உட்காருபவரின் எடை, உயரத்தை நிறுத்தும் ஊசி (பின்) மாட்டிய துளையில்தான் போய் நிற்கிறது. விரிசலும் அங்கேதான் விழுகிறது.

"ஒரு டாக்கு வச்சுத் தாங்கண்ணே, அம்மா பையத்தான் சவுட்டுவாங்க" (சின்னதாக ஒரு வெல்டிங் வைத்துத் தாருங்கள், அம்மா மெதுவாகத்தான் மிதிப்பார்) என்று கொண்டுவருகிறார்கள். நான் வைத்துக் கொடுப்பதில்லை. அத்தனை மெல்லிய குழாயில் சூடு பட்டால், பற்றின இடம் நிற்கும். அதை ஒட்டிய இடம் பலமிழந்து அடுத்த விரிசல் அங்கே வரும். துரு தின்ற இடத்திலோ பற்றுவதற்கே இரும்பு மிச்சமில்லை. ஆள் மேலே இருக்கும்போது அது முறிந்தால், விழுகிறவருக்கு அடியில் கூரான குழாய்முனை நிற்கும்.

"இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். 2023 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் சுமார் 22 லட்சம் எக்சர்சைஸ் சைக்கிள்களுக்கு, இருக்கைக் கம்பி உடையக்கூடும் என்பதற்காகத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. கம்பி உடைந்ததாக வந்த புகார்கள் 35. காயம்பட்டவர்கள் 13 பேர். 22 லட்சத்தில் 35 தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள், புதுக் கம்பி இலவசமாக வரும் என்றார்கள். மணிக்கட்டு முறிந்தவரும் அந்த 13 பேரில் உண்டு. நம் வீட்டில் அறுபது வயது தாண்டியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டிரெட்மில் விஷயம் இன்னும் கவலை தருவது. சட்டையில் மாட்டிக்கொள்ளும் சேப்டி கீ தொலைந்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிவைத்து ஓட்டுகிறார்கள். ஆள் தடுக்கி விழுந்தால் கீ கழன்று பெல்ட் நிற்க வேண்டும். காந்தம் ஒட்டியிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. 2021இல் அதே பெலோட்டன் நிறுவனத்தின் டிரெட்மில்லின் பின்பக்கம் அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்தது, சுமார் 1.25 லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன.

எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பேரிங், பெடல், பெல்ட், மீட்டர் எல்லாம் தாராளமாக மாற்றலாம். (இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும், தெரியாமல் முறுக்கினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்க் போய்விடும்.) உடம்பின் எடையைத் தாங்கும் பாகமும், ஓட்டத்தை நிறுத்தும் பாகமும் மட்டும் புதிதாகவே வர வேண்டும். வரும்வரை யாரும் ஏறக் கூடாது. இருக்கையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். பழைய கம்பியை இரண்டாக அறுத்த பிறகே இரும்புக் கடைக்குக் கொடுங்கள். குறையை மறைத்து இன்னொரு வீட்டுக்கு விற்பது பெரிய பாவம்.

வாங்கும்போதே குறையுள்ள பொருள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது எங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரே குறை பலருடைய கருவியில் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப்பெற உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைக்காரர்கள் இருக்கைக் கம்பியையும் சேப்டி கீயையும் மாடல்வாரியாக இருப்பு வைக்க வேண்டும். ஏன் வைப்பதில்லை என்று தங்கள் நிருபர் அவர்களிடம் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறை நடத்தும் வாசகர்,
குளச்சல்.