தவளைக்கும் விதைப்புக்கும் ஒரே மழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டல நாடுகளில் காலநிலை மாற்றத்தால் தவளை, தேரை இனங்கள் குறைந்துவருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோஸ்டா ரிக்காவின் மேகக் காட்டில் 1987இல் ஆயிரத்துக்கும் மேல் காணப்பட்டு, 1989க்குப் பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போன பொன் தேரையையும், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து மழைக்காலத் தொடக்கத்தில் சில நாள்கள் மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளையையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் கட்டுரை ஈரக் காடுகளோடு நின்றுவிட்டது. பனையும் சீமைக்கருவேலமும் உவர்நிலமுமாகக் கிடக்கும் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது. வெப்பம் கூடினால் மலைத் தவளையாவது இன்னும் சற்று மேலே ஏற முயலலாம். எங்கள் ஊரில் ஏறிப் போவதற்கு இருக்கும் உயரம் கண்மாய்க்கரை மட்டுமே.

நான் திருப்புல்லாணி வட்டாரத்தில் மானாவாரி நெல் பயிரிடுபவன். புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வழக்கம். அதே மண்ணுக்கு அடியில் தவளைகளும் அதே மழைக்காகத்தான் காத்துக் கிடக்கின்றன. முதல் நல்ல மழை பெய்த இரவில் பெரிய ஆண் தவளைகள் மஞ்சள் நிறமாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்துவதை இங்கு வளர்ந்தவர் எவரும் மறக்க மாட்டார். முட்டையிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற, இனத்துக்கு ஏற்ப மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை பள்ளத்தில் தண்ணீர் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்குத்தான் இப்போது பொய்க்கிறது. கடந்த சில ஆண்டுகளில் இரண்டு முறை முதல் மழை ஒரே நாளில் கொட்டிவிட்டு, அடுத்த மழை இருபது நாள் கழித்தே வந்தது. முளைத்த நெல் கருகியது; மறுவிதைப்புக்குக் கடன் வாங்கினோம். அப்படி ஒரு நாளில் எங்கள் ஊருணிக்குப் போனபோது, சேறாகிவிட்ட அதன் நடுப்பள்ளத்தில் மாட்டுக் குளம்புத் தடங்களில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒவ்வொரு தடத்திலும் கறுப்பு உளுந்தைக் கொட்டி வைத்ததுபோலத் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. பின்னங்கால் முளைத்திருந்தவை மிகச் சில. மறுநாள் நண்பகலில் அங்கே வெடித்த சேறுதான் இருந்தது. மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இப்போது அது மழையை நம்பிக் கெடுகிறது.

மழை மிகுந்தாலும் தொல்லைதான். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு நாள் மழையை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தகைய வெள்ளம் முட்டைத் திரள்களை அடித்துக்கொண்டு போவதோடு, மீன் இல்லாத சிறு குட்டைகளுக்குள் மீன்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. எஞ்சிய தலைப்பிரட்டைகள் அவற்றுக்கு இரையாகின்றன.

மூன்றாவது தொல்லை உப்பு. கடற்கரைக்காரர்கள் சொல்லாவிட்டால் இதை வேறு யார் சொல்வார்கள்? தவளையின் தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடுவது. அதன் முட்டைக்கோ ஓடே கிடையாது. ஆகவே நீர் உவர்த்தால் அதைத் தடுக்கப் பெரும்பாலான தவளைகளிடம் அதிக வழி இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுதின்னித் தவளை உப்புநீரைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அது அரிய விதிவிலக்கு. நிலத்தடி நீரை நாம் உறிஞ்ச உறிஞ்ச, கடல்மட்டமும் உயர உயர, கரையோர ஊருணிகளில் உவர் ஏறுகிறது. என் சிறுவயதில் குடிக்க நீர் எடுத்த ஊருணி ஒன்றின் ஓரத்தில் இப்போது சித்திரையில் வெள்ளைக் கோடு படிகிறது.

உலக அளவில் 2023இல் வெளியான மதிப்பீடு, 8,011 நீர்நில வாழ்வி இனங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறியது. 2004க்குப் பிறகு நிலை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்குக் காலநிலை மாற்றமே முதன்மைக் காரணம் என்றும் கண்டது. எங்கள் பக்கத்தில் பழியை முழுவதும் வானத்தின் மேல் போட நான் விரும்பவில்லை. பூச்சிமருந்துக்கும், ஊருணியில் விடப்படும் ஜிலேபிக் கெண்டைக்கும் அதில் பங்கு உண்டு. தூர்வாருகிறோம் என்று பொக்லைன் வைத்துக் கரையைச் சுவர்போல நிமிர்த்தி வெட்டுவதும் பெரிய கேடு. தலைப்பிரட்டைக்கு வேண்டியது முழங்கால் அளவு நீர் நிற்கும் சரிவான ஓரம். எல்லா இனமும் ஒரேயடியாக மறைவதில்லை. தெருவிளக்கின் கீழே பூச்சி தின்னும் தேரைக்கு இன்றும் குறைவில்லை. முன்பு மழை இரவில் நான்கைந்து விதமாகக் கேட்ட குரல்கள் இப்போது இரண்டாகச் சுருங்கிவிட்டன.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்ட சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களில் ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு ஓரிரு இரவுகள் அங்கேயும் கடலோர ஊருணிகளிலும் தவளைக் குரல்களைப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஒரு கைபேசியும் குரலை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரும் போதும். இனி தூர்வாரும் ஒப்பந்தங்களில் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்குமாறு, தங்கள் நாளிதழ் வாயிலாக உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்புல்லாணி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.