கடைசியாக வீட்டில் எப்போது சாப்பிட்டாய்?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு வேலைதான் காரணம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கோபம்தான் காரணம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்துவிட்டது. அதனால் கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கோமதியின் மகன் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். உன் பழைய முட்டை வழக்குக் கதையை அவனுக்கும் சொல்லிவிட்டாளாம். இன்ஸ்பெக்டர் அம்மாவான உன் புகழ் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, சந்தோஷப்படு.

இனி விஷயம். எங்கள் நீதிமன்றத்துக்குப் புதிதாக ஒரு மாஜிஸ்திரேட் வந்திருக்கிறார். இளம் பெண், அதிகம் பேசமாட்டார். நான் இப்போதும் சட்டப் பணிகள் குழுவின் ரிமாண்ட் வக்கீலாகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். கைதானவனைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரும் அந்த ரிமாண்ட் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். கூட வந்த காவலர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். 'போலீஸ் மீது ஏதாவது புகார் உண்டா?' என்று கேள்வி வரும். 'இல்லை ஐயா' என்று பதில் வரும். கையெழுத்து, பதினைந்து நாள், அடுத்த ஆள். அந்த 'இல்லை ஐயா'வை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ராத்திரி திரும்பவும் அந்த நிலையத்துக்கே கொண்டுபோய்விடுவார்களோ என்று பயப்படுகிற ஒருவன் வேறு என்ன சொல்வான்?

அன்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். வேலை செய்த வீட்டில் நகை காணாமல் போயிருக்கிறது. விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. பாதத்தை முழுதாகத் தரையில் ஊன்றவில்லை. வெளி ஓரத்தில் தாங்கிக்கொண்டு நின்றான். அதை நான் கவனித்துச் சொல்வதற்குள் மாஜிஸ்திரேட் கவனித்துவிட்டார். காவலர்களை வெளியே போய் நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பையனுக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். புகார் உண்டா என்ற கேள்வியையே அவர் கேட்கவில்லை.

"கடைசியாக வீட்டில் எப்போது சாப்பிட்டாய்?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை மத்தியானம், அம்மா" என்றான்.

கைது மெமோவில் புதன்கிழமை மாலை ஐந்தரை மணி, பஸ் நிலையம் அருகே என்று எழுதியிருந்தது. அன்று வியாழக்கிழமை.

மல்லிகா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் யாரையும் குற்றம் சாட்டவில்லை. அடித்தார்கள் என்றுகூட அப்போது சொல்லவில்லை. சாப்பிட்ட வேளையைத்தான் சொன்னான். இரண்டு நாள் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்தது. மாஜிஸ்திரேட் அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டார். "விசாரணைக்குக் கூப்பிட்டோம் அம்மா, வந்து போய்க்கொண்டிருந்தான்" என்றார் அவர். நிலையத்தில் நடப்பதை அன்றன்று எழுதும் பொது நாட்குறிப்பையும் அந்த நாட்களின் கேமரா பதிவையும் அழியாமல் வைக்க உத்தரவு போனது. பையனை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஏழு ஆண்டுக்கு மேல் போகாத தண்டனையுள்ள குற்றத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் ஏன் கைது செய்தீர்கள் என்று கேட்டு, 2014இன் அர்னேஷ் குமார் தீர்ப்பைக் காட்டி, ரிமாண்டை மறுத்துச் சொந்த ஜாமீனில் விட்டுவிட்டார். அவன் திருடினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அது விசாரணையில் தெரியட்டும்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். நம் காலத்தில் வந்த சீர்திருத்தம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார். 1996இல் டி.கே. பாசு தீர்ப்பு: கைது மெமோவில் நேரமும் தேதியும் இருக்கவேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும், காவலில் இருக்கும்வரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டும். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு: இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்: கைதானவர்களின் பெயர் விவரத்தை நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கவேண்டும். எல்லாமே கைதான நேரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. அந்த நேரத்தை எழுதுவது யார்? பிடித்தவரே எழுதுகிறார். அடி விழுவதோ அந்த நேரத்துக்கு முன்னால். 'விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறோம்' என்ற ஒரு வாக்கியத்துக்குள் ஒரு மனிதன் இரண்டு நாள், மூன்று நாள் காணாமல் போய்விடுகிறான். அவன் கைதியும் இல்லை, வீட்டுக்குப் போகவும் முடியாது. அம்மாவோ மனைவியோ நிலைய வாசலில் டிபன் பாத்திரத்தோடு நிற்பார்கள். உள்ளே இல்லை என்று சொல்லி அனுப்புவார்கள். இதை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன்.

2025 ஜூனில் திருப்புவனத்தில் செத்துப்போன அந்தக் கோயில் காவலாளியை நினைத்துப் பார். நகைத் திருட்டுப் புகார்தான் அங்கேயும். முதல் தகவல் அறிக்கை போடும் முன்பே விசாரணை. அடித்தது நிலையத்துக்கு வெளியே. யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்திருக்காவிட்டால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? நிலையத்தின் எல்லா மூலையிலும் கேமரா வைக்கவேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டாவது காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. கேமரா இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால்தானே பதிவாகும்? கொண்டுபோனாலும், 2020இல் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்த சாத்தான்குளத்தில் என்ன ஆயிற்று? வன்தட்டில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நீ அந்தப் படத்தை ஏன் அனுப்பினாய்? சங்கிலி பறித்தவன் என்று கையில் மாவுக்கட்டோடு ஒருவன் நிற்கிறான், கீழே 'சரியான பாடம்' என்று எழுதி நம் குழுவில் போட்டிருந்தாய். கோமதியும் மற்றவர்களும் கைதட்டியிருந்தார்கள். சங்கிலி பறிகொடுத்த பெண்ணின் கழுத்துக் காயத்தை நானும் பார்த்திருக்கிறேன். அவள் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் 'கழிப்பறையில் வழுக்கி விழுந்தான்' என்று எழுதிய காகிதத்தை நீ நம்புகிறாயா? காவல் நிலையக் கழிப்பறைகளில் பிடிபட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டுவிட்டது. கல்லூரியில் சாட்சியச் சட்டத்தில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் நீ. உன்னிடமிருந்து அந்தப் படம் வந்ததுதான் எனக்கு வலித்தது.

அடித்து வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று உனக்குத் தெரியும். பிறகு ஏன் அடிக்கிறார்கள்? நகைக்காக. பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, புதுச் சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவுக்குள் ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது: ஒப்புதல் செல்லாவிட்டாலும், அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது சாட்சியம். தடிக்கு லாபம் கொடுக்கிற பிரிவு அது. மாதாந்தரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி மீட்பு எவ்வளவு என்றுதான் கேட்கிறார். மீட்டுக் காட்டினால் பாராட்டு. எப்படி மீட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆள் தப்பாக இருந்தால்? அடி தாங்காமல் எவன் பெயரையாவது சொல்வான், அவனும் இழுத்து வரப்படுவான். உண்மையில் எடுத்தவன் எங்கேயோ நிம்மதியாக இருப்பான். மாவுக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே ஒரு புலனாய்வு நடக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1854இல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஓர் ஆணையமே போட்டார்கள். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி போட்டு விரல்களை நெரித்ததைக் குடியானவர்கள் வந்து வந்து சொல்லியிருக்கிறார்கள். வரி வசூலிப்பவரும் போலீஸும் ஒரே ஆளாக இருந்த ஏற்பாட்டைப் பிரித்து, 1859இல் மதராஸுக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதியும் அந்தக் காலகட்டத்தில்தான் சட்டத்தில் ஏறியது. உன் துறை பிறந்ததே சித்திரவதையை நிறுத்த என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இந்தியா 1997இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. காவலில் ஒருவனுக்குக் காயம் இருந்தால் காவலில் வைத்திருந்த அதிகாரி ஏற்படுத்தியதாக நீதிமன்றம் கருதலாம் என்று சட்டம் மாற்றச் சொல்லி 1985லேயே சட்ட ஆணையம் எழுதிக்கொடுத்தது. சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள், அதைச் சேர்க்கவில்லை.

நீ சொல்லப்போவது காதில் விழுகிறது. 'வார விடுப்பு ஆணையில் இருக்கிறது, எனக்கு இல்லை. பந்தோபஸ்து முடிந்து வந்தால் கோயில் திருவிழா, அது முடிந்தால் அமைச்சர் வருகை. புலனாய்வுக்கு எனக்கு நேரம் எங்கே?' ஒத்துக்கொள்கிறேன். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உன் பக்கம்தான்: புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரி, நிலைய அதிகாரிக்கு இரண்டு ஆண்டு நிலையான பணிக்காலம் கொடு. உன்னைப் பந்தாடியதைப் பார்த்தவள் நான். உன் மீது வரும் புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைப்பு வேண்டும் என்றது அதே தீர்ப்பு. நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. அடிபட்டவன் அங்கே போய் நியாயம் கிடைக்கும் என்று எப்படி நம்புவான்? பொய்ப் புகாரில் மாட்டும் நல்ல அதிகாரிக்கும்தான் அதனால் என்ன லாபம்?

ஆனால் இதற்கெல்லாம் அரசாங்கம் மனம் வைக்கவேண்டும். நேரத்தை உள்ளபடி எழுதுவதற்கு நீ ஒருத்தி மனம் வைத்தால் போதும். இங்கிலாந்தில் 1984 சட்டத்துக்குப் பிறகு, பிடித்து வந்தவரைப் பொறுப்பேற்பதற்கென்றே நிலையத்தில் தனி அதிகாரி உண்டு. புலனாய்வு செய்பவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நிலையத்துக்குள் வந்த நேரத்தை அவர் எழுதுகிறார், அதிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நம் சட்டத்திலும் இதற்குத் தடை இல்லை. ஒருவனின் நடமாட்டத்தைத் தடுத்த கணமே கைதுதான் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. உன் நிலைய வாசலில் பாரா நிற்கும் காவலரிடம் ஒரு பதிவேடு கொடு. யார் உள்ளே வந்தாலும் வந்த நேரம், போன நேரம், அவர் கையெழுத்து. விசாரணைக்கு வந்தவரும் அதில் எழுதட்டும். மாஜிஸ்திரேட் கேட்டால் அதைக் காட்டு.

இதைச் செய்தால் உன் ஆட்களே உன்மீது எரிச்சல்படுவார்கள், தெரியும். மேலே இருந்து போன் வரும். அப்போது சாத்தான்குளத்தில் சாட்சி சொன்ன அந்தப் பெண் தலைமைக் காவலரை நினைத்துக்கொள். அதே நிலையத்தில், அதே ஆட்களோடு வேலை பார்த்துக்கொண்டு, இரவு முழுக்க அடித்தார்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! காக்கிச் சட்டை மீது எனக்கு இன்னும் மரியாதை இருப்பதற்கு அவரைப் போன்றவர்கள்தான் காரணம். உன்னையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சண்டை போடுகிறேன்.

அடுத்த மாதம் எங்கள் குழுவின் இளம் வக்கீல்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறோம். ரிமாண்டில் என்ன பார்க்கவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்று நான் பேசுகிறேன். நிலையத்தின் பதிவேடுகளை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. பொது நாட்குறிப்பில் பக்கம் விட்டு எழுதுவதை நீ ஒரே பார்வையில் கண்டுபிடிப்பாயே, அதைச் சொல்லிக்கொடு. விடுப்புக் கிடைக்காது என்று ஆரம்பிக்காதே. முறைப்படி உன் கண்காணிப்பாளருக்கு அழைப்புக் கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் பதிலைப் பார்த்துத்தான் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கவேண்டும், பத்தாம் தேதிக்குள் எழுது. படத்தைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
வசந்தி